கையை வீசி நடங்க

ஆரம்பிச்சிருச்சு. முதல் சுத்துகூட இன்னும் முடியல, அதுக்குள்ள ஆரம்பிச்சிருச்சு சனியன். வலது தொடையில, முழங்காலுக்குச் சித்த மேல, ஒரு ரூபா வட்டத்துக்கு. இப்போதைக்கு வட்டம்தான். இன்னும் கொஞ்சம் நடந்தா பெரிசாகும், இடது தொடைக்குத் தாவும், பாவாடை நாடா இறுக்கிக் கெடக்கிற இடத்துல போய்ப் பந்தி போட்டு உக்காரும், அப்புறம் அடிவயிறு, விலா, முதுகு, கடைசியில கை. எனக்குத் தெரியாததா. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே என்கூடக் குடித்தனம் பண்ற எழவு. வேகமா நடந்தா வரும், ஓடினா வரும், பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு அவசரமா வச்சாக்கூட வரும். எங்கயாவது உக்காந்து வேர்வை அடங்கிட்டா வந்த தடம் தெரியாமப் போயிரும். அவ்வளவுதான் விசயம். நின்னு, சேலையோட சேத்து நாலு சொறி சொறிஞ்சா உயிர் வந்துரும். ஆனா பக்கத்துல இந்தம்மா வர்றாக. சேலையை ஏத்திச் செருகி, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ மாட்டி, நெஞ்சை நிமித்திக்கிட்டு வர்றாக. வசந்தகோகிலம் டீச்சர். என் மக சங்கவிக்கு மாமியாரா வரப்போறவுக. வரணும். வரணும்னுதான் விடியுமுன்ன எந்திரிச்சு, என் நாத்தனாரோட செருப்பைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு, இந்தப் பாளையங்கோட்டை கிரவுண்டை நான் சுத்துறேன். “கையை வீசி நடங்க செண்பகம், கையைக் கட்டிக்கிட்டு நடந்தா அது நடையில சேத்தியே இல்ல”ங்காக. வீசணுமாம். வீசின கை தானாத் தொடைக்குத்தான் போகுது. அதுக்காகத்தான் கட்டி வச்சிருக்கேன், அது உங்களுக்கு எங்க தெரியப்போகுது. “சரிங்க டீச்சர்”னு சொல்லிட்டு வீசுறேன்.

எல்லாம் இவுகளால வந்தது. எங்க வீட்டுக்காரரைத்தான் சொல்றேன். கோவில்பட்டியில மோட்டாருக்குக் காயில் கட்டிக் குடுக்கிற கடை வச்சிருக்காக. வாயைக் கட்டத்தான் இன்னும் பழகல. நேத்துச் சாயங்காலம் மாப்பிள்ளை வீடு பாக்க வந்தோம், நானு, இவுக, இந்த ஊர்ல வாக்கப்பட்ட என் நாத்தனா ஜெயமணி. எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. வீடு காத்தோட்டமான வீடு. பையன் நவநீதன் இங்கயே கலெக்டர் ஆபீசுல வேலை, வந்து பக்கத்துல உக்காந்து அத்தை மாமான்னு வாய் நிறையக் கூப்பிட்டான். அப்புறம் பேச்சு சுகருக்குப் போச்சு. இப்பல்லாம் எந்தக் கல்யாணப் பேச்சும் சுகரைத் தொடாம நகர மாட்டேங்குதே. முன்னாடி ஜாதகக் கட்டத்தைப் பாத்தாக, இப்ப ரத்தத்தைப் பாக்காக. பையனோட பெரியப்பா ஒருத்தர், மீசையை நீவிக்கிட்டே, “உங்க பக்கம் சுகரு, பிரசரு, வேற ஏதும் உண்டுமா”ன்னு கேட்டாரு. இல்லைன்னு சொன்னாப் போதாதா? இவுக நிமிந்து உக்காந்து, “எங்க வீட்டுலயா? எங்க வீட்டம்மா காலைல நாலு கிலோமீட்டர் நடக்காமப் பச்சைத் தண்ணி குடிக்க மாட்டா”ன்னாகளே. ஆத்தி! நான் நடக்கிற நடையெல்லாம் அடுப்படிக்கும் குழாயடிக்கும்தான். அந்தப் பொய்யைக் கேட்டதும் இந்தம்மா முகத்தைப் பாக்கணுமே, பூரிச்சுப் போச்சு. ஸ்கூல்ல விளையாட்டுச் சொல்லிக் குடுத்து ரிட்டையரான பி.டி. டீச்சர். பி.டி. டீச்சர் காதுல போய் நடக்கிறேன்னு சொன்னா விடுவாகளா? “அப்ப நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் சேந்தே நடப்போம்”னுட்டாக. நான் இவுகளைப் பாக்கேன், இவுக மோட்டு வளையைப் பாக்காக. இப்ப அவுக தங்கச்சி வீட்டுல போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவாக. பொய் சொன்னவுக தூங்குறாக, நான் நடக்கேன்.

இடது தொடைக்கும் வந்துருச்சு. எறும்பு ஊர்ற மாதிரின்னு சிலபேரு சொல்லுவாக. எறும்பா இருந்தாத் தட்டிவிட்டுட்டுப் போயிரலாமே. இது மேல இல்ல, உள்ள. மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளின கையால தேச்சுவிட்ட மாதிரி சுருசுருன்னு உள்ள இருந்து எரிஞ்சுக்கிட்டு வருது. சேலைக் கொசுவத்தைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சு ஒரு இழுப்பு இழுத்துக்கிட்டேன். அந்த ஒரு இழுப்புல கண்ணு சொக்கிப் போச்சு, ஆனா அடுத்த நொடி ரெண்டு மடங்காத் திரும்பி வருது. தொடாம இருந்தா ஒரு ரகம், தொட்டுட்டு விட்டா அது தனி ரகம். அந்தா முன்னால போறாரே பனியன் போட்ட ஆளு, நடந்துக்கிட்டே பனியனுக்குள்ள கையை விட்டு முதுகு முழுக்க வரட்டு வரட்டுன்னு சொறியிறாரு, யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. ஆம்பளை சொறிஞ்சா அது சொறியிறது, அவ்வளவுதான். பொம்பளை நடுக் கிரவுண்டுல தொடையைச் சொறிஞ்சா அது வேற. அதுலயும் கல்யாணத்துக்குப் பொண்ணு வச்சிருக்கிறவ சொறிஞ்சா அது வேறயோ வேற. தோல்ல என்னமோ இருக்காம்ல, அந்தக் குடும்பத்துல. போதும், இந்த ஒரு வாக்கியம் போதும், பொண்ணு வீட்டுல கெடக்கும். சுகர்னாக்கூட இப்ப யாரும் பயப்படல, உங்களுக்கு எவ்வளவு எனக்கு எவ்வளவுன்னு கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கிடுதாக. தோலுன்னு சொல்லிப் பாருங்க, நாற்காலியைப் பின்னால தள்ளிப் போடுவாக.

போன வருசம் சாத்தூர்ல இருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. அன்னைக்குன்னு பாத்து, மத்தியானம் அரை நாள் லீவு கேட்டிருந்த சங்கவியை வேலைக்குப் போன இடத்துல விட லேட்டாக்கிட்டாக. பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமா வந்தா. வந்த வேகத்துல சேலையைச் சுத்தி, பூவை வச்சு, காப்பித் தட்டைக் கையில குடுத்து அனுப்பிட்டேன். மூதி நான், அஞ்சு நிமிசம் ஃபேனுக்குக் கீழ உக்கார வச்சிருக்கலாம்ல. தட்டை நீட்டுறா, ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் திட்டுத்திட்டாச் சிவந்து தடிச்சுக் கெடக்கு. மாப்பிள்ளையோட அத்தைக்காரி மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்து, “என்னம்மா இது”ன்னா. பிள்ளை என்னையப் பாக்குது. நான் கொசுன்னேன். பட்டப்பகல்ல கொசு! அவுக ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாக. வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்னு எந்திரிச்சாக, இன்னமும் கலந்து பேசிக்கிட்டே இருக்காக. அதுக்கப்புறம் தரகர் போன் பண்ணி, “ஏதும் இருந்தா என்கிட்ட மறைக்காதீங்கக்கா”ன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனை அடுப்புல போட்டிருப்பேன். என்னத்தை மறைச்சேன் நான்? தோல் டாக்டர்கிட்ட நானும் அவளும் சேந்துதான போனோம். அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, வேர்க்கும்போது உடம்பு பண்ற சேட்டைம்மா இது, ஒட்டாது, ஆளைக் கொல்லாது, மாத்திரை போட்டா அடங்கும், விடாம நடந்து பழகினா நாள்பட நாள்படக் குறையக்கூடச் செய்யும்னு. அம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் இருக்கலாம்னு அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அவருக்குச் சிரிப்பு. அந்த மாத்திரையைக் கோவில்பட்டியில ஃபிரிட்ஜ் மேல வச்சிட்டு வந்துட்டேன். ஜெயமணிகிட்டக் கேக்கலாம்னு ராத்திரி வாய் வரைக்கும் வந்துச்சு, கேட்டா எதுக்கு மதினி என்ன மதினின்னு குடைஞ்செடுத்துத் தெரு முழுக்கத் தமுக்கடிச்சிருவா. முழுங்கிக்கிட்டேன்.

நாடாவுக்கு வந்துருச்சு. சொன்னேன்ல. இடுப்பைச் சுத்தி நெருப்பை வச்சு அரைஞாண் கட்டின மாதிரி இருக்கு. மூச்சை உள்ள இழுத்து வயித்தை ஒடுக்கினா நாடா கொஞ்சம் லூசாகுது, அந்த இடத்துல காத்துப்பட்டு ஒரு நொடி சுகமா இருக்கு, மூச்சை விட்டா மறுபடியும் வந்து கவ்வுது. எவ்வளவு நேரந்தான் மூச்சு விடாம நடக்க முடியும்? இந்தம்மா பேசிக்கிட்டே வர்றாக. மூச்சு வாங்காமப் பேசுறாக, அதுவே எனக்கு எரிச்சலா வருது. “நான் சர்வீசுல இருந்தப்ப ஒரு பிள்ளை என்னைய ஏமாத்த முடியாது பாத்துக்கிடுங்க. கிரவுண்டுக்கு வான்னா போதும், ஒருத்தி வயித்து வலிம்பா, ஒருத்தி தலை சுத்துதும்பா, இன்னொருத்தி டீச்சர் உடம்பெல்லாம் அரிக்கும்பா. அரிப்பாவது கிரிப்பாவது, இன்னும் ரெண்டு சுத்து ஓடுட்டி, எல்லாம் பறந்து போயிரும்னு வெரட்டி விட்டுருவேன்.” சொல்லிட்டுச் சிரிக்காக. நானும் சிரிச்சேன். என் பல்லை நானே பிடுங்கிப் போட்டுரலாமான்னு இருந்துச்சு. சங்கவி ஆறாவது படிக்கும்போது விளையாட்டு விழாவுக்கு ஓட்டப் பயிற்சின்னு சொல்லி வெயில்ல ஓட விட்டாக. அரிக்குது மிஸ்ஸுன்னு நின்னிருக்கா. நடிக்கிறியான்னு கேட்டு ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு வெயில்லயே நிக்க வச்சிட்டா ஒருத்தி. கையைத் தூக்கிக்கிட்டு நின்னா பிள்ளை எப்படிச் சொறியும்? வீட்டுக்கு வந்து யூனிபார்மைக் கழட்டிட்டு முதுகைச் சுவத்துல போட்டுத் தேச்சுச்சு, ரத்தம் வர்ற வரைக்கும் தேச்சுச்சு. மறுநாள் நான் அந்த ஸ்கூலுக்குப் போயி போட்ட சத்தத்துல ஹெட்மாஸ்டர் ரூம்ல இருந்து எந்திரிச்சு வந்துட்டாரு. பிள்ளை சொன்னா நம்ப மாட்டியா, நீ என்ன பெரிய இவளான்னு கேட்டேன், அத்தனை டீச்சருக்கு முன்னால கேட்டேன். அந்த வாய் இன்னைக்கு எங்க போச்சு? “நீங்க கரெக்டாத்தான் பண்ணியிருக்கீக டீச்சர், இந்தக் காலத்துப் பிள்ளைக சரியான டிமிக்கி”ன்னு சொல்லுது அதே வாய். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்த வாய் வேற வாய் ஆயிருது.

ஒரு நாய். நடக்கிற பாதைக்கு நட்டநடுவுல உக்காந்து பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தைச் சொறியுது. கண்ணை மூடிக்கிட்டு, வாயைக் கோணிக்கிட்டு, டக்கு டக்கு டக்குன்னு. எல்லாரும் ஒதுங்கி அதுக்கு வழி விட்டுட்டுப் போறாக. டீச்சரும் ஒதுங்கினாக, நானும் ஒதுங்கினேன். குடுத்து வச்ச நாய். அதுக்கு மக இல்ல, இருந்தாலும் யாரும் வந்து காப்பி குடிச்சிட்டுக் கையைத் திருப்பிப் பாக்கப் போறதில்ல. நான் எதையாவது வேற நினைச்சுப் பாக்கணும். ஐஸ் தண்ணி. ஐஸ் தண்ணியில முக்கின துண்டு. வேண்டாம், அதை நினைச்சா இன்னும் கூடுது. சாமியை நினைக்கலாம்னா சாமி சுத்துறதும் பிரகாரத்தைத்தான், அங்கயும் நடைதான். பக்கத்துல போறவுகளை எண்ணலாம்னு எண்ணினா ஒவ்வொருத்தரும் எங்கயோ ஒரு இடத்துல கையை வைக்காக, மூக்குல, காதுல, இடுப்புல. உலகத்துல அத்தனை பேரும் தன்னைத் தானே தொட்டுக்கிட்டுத்தான் நடக்காக. நான் ஒருத்திதான் அடுத்தவ வீட்டுப் பாத்திரம் மாதிரி என் உடம்பைத் தொடாமத் தூக்கிக்கிட்டு வர்றேன். செருப்பு வாரு அந்துபோச்சுன்னு சொல்லி உக்காரலாமா? ஜெயமணி செருப்பு புதுச் செருப்பு, அறுத்தா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. பாத்ரூம் போறேன்னு சொன்னேன், சொல்லியே பாத்துட்டேன். “இங்க உள்ளதைப் பூட்டிப் போட்டுருக்கான், வீட்டுக்குப் போயிக்கிடலாம், இன்னும் கொஞ்சந்தான”ன்னுட்டாக. இன்னும் கொஞ்சந்தானாம். வயித்துல ஏறி விலாவுக்கு வந்தாச்சு, ரவிக்கைக்குள்ள வேர்வை ஒவ்வொரு சொட்டா இறங்குது, இறங்கிற வழியெல்லாம் ஊசி. அழுகை வருது. நிசமாவே அழுகை வருது. அம்பது வயசுப் பொம்பளை அரிப்புத் தாங்காம அழுதான்னு வெளிய சொல்ல முடியுமா.

“போன தையில ஒரு இடம் வந்துச்சு”ன்னு ஆரம்பிச்சாக. எனக்குக் காது நிமிந்துக்கிட்டது. “பொண்ணு நல்ல பொண்ணு, எனக்கும் நவநீதனுக்கும் சம்மதம். கடைசியில பாத்தா அந்தப் பொண்ணோட சித்திக்குக் கால்ல திட்டுத்திட்டா வெள்ளை விழுந்திருக்காம். எனக்கு ஒண்ணும் இல்லை. இவன் பெரியப்பாதான் ஒரே புடியா வேண்டாம்னுட்டாவ. நாளைக்குப் பேரப்பிள்ளையளுக்கு ஏதும் வந்தா யாரு பதில் சொல்லதுன்னு கேட்டாவ. நான் என்னத்தைச் சொல்ல, இவன் அப்பா இருந்தா அவுக பேசியிருப்பாவ.” நான் ம்ம்னேன். வெள்ளை விழுந்த அந்தச் சித்தி யாரோ எவளோ, அவளும் இப்படித்தான் எங்கயாவது சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டுக் காலை மறைச்சு நடந்திருப்பா. சித்திக்கு இருந்ததுக்கே பொண்ணு வேண்டாம்னா, இங்க அம்மாவுக்கு இருக்கு, பொண்ணுக்கே இருக்கு. நேத்து ராத்திரி போன்ல சங்கவி என்ன சொன்னா? “அம்மா, எனக்கு அவரை ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. எப்படியாச்சும் முடிச்சிட்டு வா. அங்க போய்ச் சொறிஞ்சு வச்சிராதம்மா.” கெஞ்சுறா. எதுக்கும் கெஞ்சாத பிள்ளை. ஒரு மாசமா அந்தத் தம்பிகூடப் போன்ல பேசுறா, மாடிப்படியில உக்காந்து பேசும்போது அவ முகத்தைப் பாக்கணும், என்னமோ அந்தப் படிக்கட்டே அவளுக்குச் சொந்தமான மாதிரி இருக்கும். “அந்தத் தம்பிகிட்ட இதைச் சொல்லிட்டியாடி”ன்னு கேட்டேன். “அதெல்லாம் பெறகு பாத்துக்கலாம்மா”ன்னுட்டா. பெறகுன்னா எப்ப? தாலி ஏறினப்பெறகா? அந்த வீட்டுல மாவு ஆட்டணும், துணி அலசணும், மாடிக்கு ஏறி இறங்கணும். வேர்க்காம எப்படிடி இருப்ப. வேர்த்தா ரூமுக்குள்ள ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிட்டா சொறிவ? ஒரு மணி நேரம் எனக்கு முடியலையே, ஆயுசு பூரா எப்படி? இந்த அரிப்பை என் வயித்துல வச்சு நான்தான குடுத்தேன் அவளுக்கு. என் மூக்கைக் குடுக்கல, என் முடியைக் குடுக்கல, இதைக் குடுத்திருக்கேன்.

“காலைல எந்திரிச்சா வீடு கெடக்கும் அமைதியா”ங்காக டீச்சர். குரல் கொஞ்சம் இறங்கியிருக்கு. “அவுக போனப்பெறகு பேச்சுத் துணைக்கு ஆளு கெடையாது. இவன் ஆபீசுக்குப் போனா பொழுதடைஞ்சுதான் வருவான். அதான் இங்க வந்து சுத்திக்கிட்டுக் கெடக்கேன். இன்னைக்கு நீங்க கூட வந்தது எனக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கு தெரியுமா.” சொல்லிட்டுத் தோள்ல கிடந்த துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டாக. நல்லவுகதான். அதுதான் கஷ்டமே. கெட்டவுகளா இருந்தா உன் சம்பந்தமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு ஜெயமணி செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்திருவேன். முதுகுக்கு வந்துருச்சு இப்ப. கைக்கும் வந்துருச்சு. முழங்கைக்கு மேல சிவந்து தடிக்கிறது எனக்கே தெரியுது, முந்தானையை இழுத்து ரெண்டு கையையும் மூடிக்கிட்டேன், மூடினதும் சூடு கூடிப்போயி இன்னும் பத்திக்கிட்டது. நடக்கிறேன். பல்லைக் கடிக்கிறேன். அவுக என்னமோ கேக்காக, கேக்கிறது காதுல விழுது, மண்டைக்குள்ள போக மாட்டேங்குது. தொடை, இடுப்பு, விலா, முதுகு, கை, மறுபடியும் தொடை. அது ஒரு கிரவுண்டைச் சுத்துது, நான் ஒரு கிரவுண்டைச் சுத்துறேன். இல்ல. முடியல. என்னால ஆகாது. எவன் வேணா என்ன வேணா நினைச்சுக்கட்டும்.

சிமெண்டு பெஞ்சு ஒண்ணு கெடந்துச்சு, போய் உக்காந்துட்டேன். முந்தானையை உதறி எறிஞ்சிட்டு ரெண்டு கையாலயும் சொறிஞ்சேன். சேலையோட சேத்துத் தொடையை, நாடாவுக்குள்ள விரலை விட்டு இடுப்பை, வளையலால கையை, பெஞ்சோட முதுகுல என் முதுகைப் போட்டு மேலயும் கீழயும். ஆஹா. அம்மாடி. கண்ணுல தண்ணி கொட்டுது. அந்தப் பனியன் ஆளு இந்தத் தடவை திரும்பிப் பாத்துட்டுப் போனாரு, பாத்துட்டுப் போகட்டும். டீச்சர் முன்னால வந்து நின்னாக. “என்ன செண்பகம், என்ன ஆச்சு?” மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். “அரிக்குது டீச்சர். வேகமா நடந்தா அரிக்கும். எனக்குச் சின்ன வயசுல இருந்தே இருக்கு. ஒட்டாது, மாத்திரை போட்டா அடங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, ஒட்டாது. நான் தினமும் நடக்கிறேன்னு இவுக சொன்னது சுத்தப் பொய். நான் நடக்கிறதே இல்ல.” சொல்லிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு, ஆனா கை நிக்க மாட்டேங்குது.

அவுக பக்கத்துல உக்காந்தாக. நான் பயந்த மாதிரி ஒரு சாண்கூடத் தள்ளி உக்காரல. என் கையை எடுத்து மடியில வச்சுத் திருப்பிப் பாத்தாக, தடிச்ச இடத்தை விரலால தொட்டுத் தொட்டுப் பாத்தாக. “அடப்பாவமே, நிசமாவே தடிச்சுல்லா கெடக்கு”ன்னாக. பாட்டில் தண்ணியைத் துண்டுல ஊத்திப் பிழிஞ்சு கை மேல போட்டு வாயால ஊதிவிட்டாக. ஜில்லுன்னு இறங்குச்சு. கிரவுண்டையே பாத்துக்கிட்டிருந்தாக. “அப்ப அந்தப் பிள்ளையள்லாம் சொன்னது…”ன்னு ஆரம்பிச்சு, முடிக்காம விட்டுட்டாக. எனக்கு அவுக தோள்ல சாஞ்சு அழணும் போல இருந்துச்சு. அப்பத்தான் கேட்டாக, ஊதுறதை நிறுத்தாம, சாதாரணமாக் கேட்டாக.

“சங்கவிக்கும் இது உண்டுமா?”

என் கை அப்படியே நின்னுபோச்சு. சொல்லிரு. சொல்லிருடி செண்பகம், இதை விட்டா வேற நேரம் கெடையாது, துண்டை நனைச்சுப் போட்டு ஊதுறவுக கேக்காக. ஆனா எதுக்குக் கேக்காக? பாவம் அந்தப் பிள்ளைக்கும் இருக்கான்னு கேக்காகளா, இல்ல அந்தப் பெரியப்பா மீசையை நீவிக்கிட்டுக் கேட்டாரே அந்தக் கேள்வியா இது? முகத்தைப் பாத்தாத் தெரியும்னு பாத்தேன், ஒண்ணும் தெரியல, வேர்த்த முகம் ஒண்ணுதான் தெரியுது. இவுக சரின்னாலும் நாளைக்கு அந்த ஆளு ஒரே பிடியா நின்னா இவுக என்னத்தைச் சொல்லுவாக, போன தையில என்னத்தைச் சொன்னாக. எனக்கு இருந்தா அது நான் வச்சிருக்கிற அரிப்பு, கோவில்பட்டியோட போயிரும். அவளுக்கு இருந்தா அது இவுக வீட்டுக்குள்ள வரும். சாத்தூர்க்காரி மணிக்கட்டைப் பிடிச்சுத் திருப்பினா. எப்படியாச்சும் முடிச்சிட்டு வாம்மான்னா என் மக. படிக்கட்டுல உக்காந்து சிரிச்சா.

“இல்ல டீச்சர்”னேன். “அவளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கெடையாது. அவுக அப்பா உடம்பு அவளுக்கு.”

டீச்சர் தலையை ஆட்டினாக. “இருந்தாலும் ஒண்ணுமில்ல மதினி, மாத்திரையை வாங்கிக் குடுத்துட்டுப் போறோம். முன்னாலயே தெரிஞ்சா நமக்கு நல்லதேன்னுதான் கேட்டேன்”னாக. மதினின்னுட்டாக. சம்பந்தி முறை வச்சே கூப்பிட்டாச்சு, இனி கல்யாணம் முடிவான மாதிரிதான். இருந்தாலும் ஒண்ணுமில்லையாம். இப்பச் சொல்லலாம். வாய் தவறிட்டேன் மதினி, அவளுக்கும் இருக்குன்னு இப்பவும் சொல்லலாம், சொன்னா இந்த முகம் என்ன ஆகும்? ஒரு மூச்சுல ஒரு பொய்யை ஒத்துக்கிட்டு அடுத்த மூச்சுல இன்னொரு பொய்யைச் சொன்னவ நான்னு ஆகிரும், இனி நான் எதைச் சொன்னாலும் திருப்பிப் பாப்பாக, என் மக கையையும் சேத்துத் திருப்பிப் பாப்பாக. நான் ஈரத் துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். அரிப்பெல்லாம் அடங்கிப் போச்சு, எங்க போச்சுன்னே தெரியல. டீச்சர் எந்திரிச்சு ஷூ கயித்தை இறுக்கிக் கட்டினாக. நிமிந்து என்னையப் பாத்துச் சிரிச்சாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்பு.

“நீங்க இனிமே நடந்து கஷ்டப்பட வேண்டாம் மதினி. கல்யாணமாகி வந்தப்பெறகு மருமகளைக் கூட்டிட்டு வந்துருதேன், தினமும் காலைல. எனக்கும் ஒரு துணையாச்சு. வருவால்லா?”

“வருவா மதினி”ன்னேன். “தாராளமா வருவா.”